இஸ்திரி வண்டிக்கு வெயிலே கரி!

திருவண்ணாமலை மாணவியின் சாதனை: புதுக்கோட்டைப் பிள்ளைகளும் முயலலாம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய்க்கரையிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்பவர்கள் உண்டு. விறகை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் புகைய விட்டால் கரி கிடைக்கும். இப்படி எடுக்கும் கரியில் ஒரு பங்கு நகரங்களில் துணி தேய்க்கும் இஸ்திரி வண்டிகளுக்குப் போய்ச் சேருகிறது. ஒரு வண்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ கரி தேவைப்படும் என்பது கணக்கு.

இந்தக் கரி இல்லாமல் துணி தேய்க்க முடியாதா என்று கேட்டவர் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர்.

யோசனை பிறந்த விதம்

அப்போது அவருக்கு 12 வயது. பள்ளிவிட்டு வீடு திரும்பும் வழியில், இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டி ஆறவைப்பதைப் பார்த்தார். கரிக்காக மரம் வெட்டப்படுகிறது, அதன் புகை தேய்ப்பவரின் நெஞ்சில் இறங்குகிறது, காசும் கரைகிறது. ஆனால் வண்டி நிற்பதோ நல்ல வெயிலில். அந்த வெயிலையே வேலை வாங்கினால் என்ன என்று யோசித்தார்.

வண்டியின் கூரையில் சூரியசக்தித் தகடுகள். அவை தரும் மின்சாரத்தைச் சேமிக்க பாட்டரி. அதில் ஓடும் மின் இஸ்திரிப் பெட்டி. ஐந்து மணி நேரம் நல்ல வெயில் இருந்தால் ஆறு மணி நேரம் துணி தேய்க்கலாம். மழை, மூட்டமான நாட்களில் வீட்டு மின்சாரத்தில் பாட்டரியை ஏற்றிக்கொள்ளலாம். கைபேசிக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்து நாலு காசு கூடுதலாகவும் பார்க்கலாம்.

வீட்டில் இருந்தபடியே உலகப் பரிசு

குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள தேசியப் புத்தாக்க அறக்கட்டளை இந்த யோசனைக்கு 2019-ல் டாக்டர் அப்துல் கலாம் பெயரிலான 'இக்னைட்' விருது வழங்கியது. வண்டியை உருவாக்கிப் பார்க்கவும் உதவியது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடமெல்லாம் கைபேசிக்கும் கணினிக்கும் மாறியது. அந்த ஆண்டு நவம்பரில் ஸ்வீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு வினிஷாவுக்குக் கிடைத்தது. பரிசுத் தொகை ஒரு லட்சம் ஸ்வீடன் குரோனர். நம் பணத்தில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். 2021-ல் பிரிட்டன் இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கும் வந்தார். அந்த ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார்.

கழிவுக்கும் மதிப்பு

எர்த்ஷாட் போட்டியில் காற்றைத் தூய்மையாக்கும் பிரிவில் வென்றது வித்யுத் மோகன் என்ற இந்திய இளைஞரின் 'டகாசார்' நிறுவனம். வயலில் கொளுத்திவிடும் பயிர்க்கழிவை அங்கேயே கரியாகவும் எருவாகவும் மாற்றும் சிறு இயந்திரத்துக்குப் பரிசு பத்து லட்சம் பவுண்டு.

கரி விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாளை இஸ்திரி வண்டிகள் வெயிலுக்கோ எரிவாயுவுக்கோ மாறினால் கரிக்கு அந்தச் சந்தை சுருங்கும். ஆனால் கரிக்கு மண்ணிலும் வேலை உண்டு. தூள் கரி ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். நீர் நில்லாத செம்மண் காட்டுக்கு இது உதவும். மூட்டத்தின் அடியில் தங்கும் கரித்தூளை வீணாக்காமல், மக்கிய தொழு உரத்தோடு கலந்து சில வாரம் வைத்திருந்து இடலாம். கரி உரமாகாது, உரத்தைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. உவர், களர் நிலத்தில் மண் பரிசோதனை செய்யாமல் இடக்கூடாது. வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்டு, முதலில் ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்பது நல்லது.

உங்கள் பிள்ளைக்கும் வாய்ப்பு

பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 'இன்ஸ்பயர் மானக்' விருது வழங்குகிறது. ஆறாம் வகுப்பு முதல் படிப்பவர்கள் கலந்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. யோசனைகளைப் பள்ளி மூலம் இணையதளத்தில் பதிய வேண்டும். பிள்ளையிடம் கைபேசி இல்லை என்று தயங்க வேண்டியதில்லை. தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்கில் வந்து சேரும். பிறகு மாவட்டம், மாநிலம், தேசியம் என்று கண்காட்சிகள் உண்டு.

பெற்றோர் செய்ய வேண்டியவை:

1. பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரையோ அறிவியல் ஆசிரியரையோ பார்த்துக் கடைசித் தேதியைக் கேட்டுக்கொள்ளவும்.

2. பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கை முன்கூட்டியே தொடங்கி வைக்கவும்.

3. யோசனை பிள்ளையின் சொந்த யோசனையாக இருக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள மாதிரியைப் பார்த்துச் செய்தால் தேறாது.

4. என்ன தொல்லை, யாருக்குத் தொல்லை, எப்படித் தீரும் என்ற மூன்றையும் தெளிவாக எழுதிப் படமும் வரையச் சொல்லவும்.

யோசனைக்கு எங்கும் அலைய வேண்டாம். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவரின் கையை அதன் ஓட்டுப் பால் புண்ணாக்குகிறது. நிலக்கடலை ஆய்பவருக்கு இடுப்பு நோகிறது. விதைத்த பயறை மயில் கொத்திப் போகிறது. இந்தத் தொல்லைகளை அன்றாடம் பார்த்து வளரும் பிள்ளைக்குத்தான் தீர்வும் தோன்றும். திருவண்ணாமலைத் தெருவில் பலரும் பார்த்துக் கடந்துபோன கரிக்குவியல்தான் ஒரு சிறுமியை உலக மேடைக்குக் கொண்டு சென்றது. களத்துமேட்டில் பிள்ளை ஏதாவது கேட்டால், விளையாட்டுப் பேச்சு என்று தள்ளாமல், ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.