தராசு முள்ளும் விமானத்தின் தரையிறக்கமும்

வியாபார நிமித்தம் துபாய், சிங்கப்பூர் என்று அடிக்கடி பறக்கும் நம்மவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே வெறும் மேகம். கீழே ஒன்றும் தெரியாது. திடீரென்று ஓடுபாதை விளக்குகள் தென்படுகின்றன. சற்று நேரத்தில் சக்கரம் தரையைத் தொட்டுவிடுகிறது. விமானி பாதையைக் கண்டுபிடித்தது எப்படி?

விடை நமது கடைத் தராசில் இருக்கிறது என்றால் சிரிப்பீர்கள். ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால் அன்டெனாக்கள் வரிசையாக நிற்கும். 'லோகலைசர்' என்பார்கள். இறங்க வரும் விமானிக்கு இடப்புறத்தில் 90 ஹேர்ட்ஸ் தொனியும், வலப்புறத்தில் 150 ஹேர்ட்ஸ் தொனியும் மேலோங்கும் விதமாக அது வானொலி அலைகளை அனுப்புகிறது. இரண்டும் சமமாகும் இடமே ஓடுபாதையின் நடுக்கோடு. அங்கே கருவியின் முள் நடுவில் நிற்கும். ஒரு தட்டு கனத்தால் முள் சாயும், விமானி திருத்திக்கொள்வார். உயரத்துக்கும் இதே கணக்குத்தான். 'கிளைட் ஸ்லோப்' என்ற இன்னொரு அலை பெரும்பாலும் 3 பாகைச் சரிவைக் காட்டும். கடல் மைலுக்குச் சுமார் 300 அடி இறக்கம். சாதாரண முதலாம் வகை முறையில் பொதுவாக 200 அடிக்கு இறங்கியும் பாதை தெரியாவிட்டால் மீண்டும் மேலே கிளம்பிவிட வேண்டும்.

தராசு நல்லதாக இருந்தால் போதுமா? தங்கம் நிறுக்கும்போது நாம் மின்விசிறியை நிறுத்துகிறோம் அல்லவா? காற்றுப் பட்டால் முள் பொய் சொல்லும். லோகலைசருக்கும் அப்படித்தான். அதன் முன்னால் பெரிய உலோகப் பொருள் குறுக்கிட்டால் அலை வளைந்துவிடும்.

2011 நவம்பர் 3ஆம் திகதி ஜேர்மனியின் மியூனிக் நகரில் இது நடந்தது. சிங்கப்பூர் ஏயார்லைன்ஸின் போயிங் 777 தானியங்கி முறையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதே ஓடுபாதையிலிருந்து சற்று முன்னர் கிளம்பிய சிறிய ஜெட் விமானம் அன்டெனாக்களைக் கடந்து பறந்தபோது அலை குழம்பியது. குழம்பிய முள்ளைத் தானியங்கி நம்பியது. தரைக்கு மிக அருகில் விமானம் இடப்புறம் சாய்ந்து, பாதையை விட்டுப் புல்லில் ஓடி, பின்னர் பாதையைக் குறுக்கே கடந்து வலப்புறப் புல்லில் நின்றது. எவருக்கும் காயமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

கருவி பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள். பனிமூட்டக் காலத்தில் லோகலைசரின் முன்பகுதியை வெறுமையாக வைத்திருக்கும் விசேட நடைமுறை உண்டு. அன்று அது அமுலில் இருக்கவில்லை.

அந்த நடைமுறைக்கு ஒரு விலையும் இருக்கிறது. விமானங்களுக்கு இடையில் இடைவெளியைக் கூட்ட வேண்டும். மணிக்கு இறங்கும் எண்ணிக்கை குறையும், எரிபொருள் கரையும், சாமான் தாமதமாகும். துபாயில் குளிர்காலப் பனிமூட்டக் காலைகளில் விமானம் வானத்தில் வட்டமிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நானும் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தவன்தான்.