மன்னார்க் கோட்டையும் பிரகன்சாக் கோமரபும்

திருக்கேதீச்சரத்திலே பாலாவியில் நீராடி, கௌரியம்பாளையும் கேதீச்சரநாதரையும் வழிபட்டபின், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு மன்னார்க் கோட்டையைப் பார்க்கச் சென்றோம். தலத்திலிருந்து கோட்டை நெடுந்தூரமன்று. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைக் கடந்ததும், கடலோரத்தில் அதன் மதில்கள் தோன்றுகின்றன. பழங்கோயில் இடிபட்ட பின்னர் அதன் கற்களே இக்கோட்டைக்குச் சுமந்து வரப்பட்டன என்று நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவந்த செய்தியை மாணவர்க்கு எடுத்துரைத்தோம்.

அவர்களுள் ஒருவன் கேட்டான்: "ஐயா, பறங்கியர் இடித்தனர், பறங்கியர் கட்டினர் என்றே எல்லோரும் சொல்லுகின்றீர்கள். அந்தப் பறங்கிக்கு ஒரு பெயர் இராதா? அவன் யாருடைய மகன்?"

நியாயமான வினா. அங்கே நின்று சுருக்கமாகக் கூறிய விடையை இங்கே சற்று விரித்து எழுதுகின்றோம்.

இன்று நாம் காணும் மதில்கள் பெரும்பாலும் ஒல்லாந்தர் திருத்தி அமைத்தவை. அவ்விடத்தில் 1560ஆம் ஆண்டில் முதற் கோட்டையை எழுப்பியவன் தொம் கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சா என்பவன். கோவாவிலிருந்து ஆண்ட போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி. அவனுடைய பெயரின் ஈற்றிலுள்ள 'பிரகன்சா' என்ற ஒரு சொல்லுக்குள்ளே ஒரு நாட்டின் வரலாறே அடங்கியிருக்கின்றது.

பிரகன்சா என்பது போர்த்துக்கல்லின் வடகிழக்கு மூலையிலே, எசுப்பானிய எல்லையருகே உள்ள ஒரு மலையூர். 1385இல் அல்ஜுபரோட்டா என்னுமிடத்தில் கஸ்தீலியரை வென்று தன் முடியை நிலைநாட்டிக்கொண்ட முதலாம் யோவான் மன்னனுக்கு, மணவினைக்குப் புறம்பே பிறந்த ஒரு மகன் இருந்தான், பெயர் அபோன்சோ. போரை வென்று கொடுத்த சேனாபதி நூனோ ஆல்வாரிஸ் பெரெய்ரா நாட்டிலே மிகப் பெரிய நிலக்கிழார். அவருடைய ஒரே மகளை அபோன்சோ 1401இல் மணந்தான். அரச இரத்தமும் சேனாபதியின் நிலமும் ஒரு வீட்டில் ஒன்றுசேர்ந்தன. (மாமனாரோ பின்னர் உலகைத் துறந்து மடம் புகுந்தார், 2009இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.)

1442இல், சிறுவனான அரசனுக்காக ஆட்சி நடத்திவந்த பேதுரு இளவரசர், தம் தந்தைவழிச் சகோதரனான அபோன்சோவுக்குப் 'பிரகன்சாக் கோமகன்' என்ற பரம்பரைப் பட்டத்தை அளித்தார். ஏழாண்டுகள் கழித்து அதே பேதுருவுக்கு எதிராக அரசனைத் தூண்டிவிட்டவர்களுள் முதல்வனாக நின்றவன் அபோன்சோவே. அல்பரொபெய்ராப் போரிலே பேதுரு மாண்டார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தல் என்று நம்மவர் சொல்வது இதனைத்தான் போலும்.

இந்தப் பட்டத்தின் இயல்பை மாணவர் அறிதல் வேண்டும். நம் தேசவழமைப்படி தந்தையின் முதுசம் புதல்வர்க்குப் பங்கிடப்படும். அங்கோ பட்டமும் அதனோடு பிணைந்த ஊர்களும் வரிகளும் மூத்த மகன் ஒருவனுக்கே உரியன. ஊர் இல்லாதவனுக்குப் பெரும்பட்டமும் எளிதிற் கிட்டாது. கள்ளிக்கோட்டைக்குக் கடல்வழி கண்ட வாஸ்கோ ட காமாவைப் பாருங்கள். அத்தனை புகழிருந்தும், நான்காம் பிரகன்சாக் கோமகன் ஜைமே தன் ஊர்களுள் ஒன்றாகிய விதிகெய்ராவைப் பொருள் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்த பின்னரே, 1519இல் அவர் விதிகெய்ராப் பிரபுவாக முடிந்தது.

அந்த ஜைமேதான் நம் கொன்ஸ்தந்தீனோவின் தந்தை. அவன் கதை தனிக் கதை. அவனுடைய தந்தையாகிய மூன்றாம் கோமகன், கஸ்தீலியருடன் கூடிச் சதி செய்தான் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1483இல் எவோரா நகரத்துச் சதுக்கத்திலே தலை துணிக்கப்பட்டான். பட்டமும் நிலமும் பறிபோயின. நான்கு வயதுச் சிறுவனான ஜைமே அயல்நாட்டிலே வளர்ந்தான். 1495இல் தாய்மாமன் மனுவேல் அரசனானதும் காலம் மாறிற்று. இழந்தவை யாவும் மீண்டன. 1498இல் ஜைமேயே அரசுரிமைக்கு உரியவனாக அறிவிக்கப்பட்டான். வில்லா விசோசா என்னும் ஊரிலே அவன் எழுப்பத் தொடங்கிய மாளிகை இன்றும் நிற்கின்றது. அம்மாளிகை வளாகத்திலேதான் 1512இல், ஐயங்கொண்டு, தன் முதல் மனைவியை அவன் கொன்றான். அடுத்த ஆண்டு மொரோக்கோவின் அசமூர் நகரைப் பிடிக்க அரசன் அனுப்பிய படைக்கு அவனே தலைவன். கொலைக்கு வேறு தண்டனை இருந்ததாகத் தெரியவில்லை.

கொன்ஸ்தந்தீனோ 1528இல் இரண்டாந் தாரத்துப் பிள்ளையாகப் பிறந்தவன். பட்டம் மூத்தாள் மகனுக்குப் போயிற்று. இளையவனுக்கு எஞ்சியவை 'தொம்' என்ற மதிப்புச் சொல்லும் குலப்பெயருமே. இத்தகைய இளையோருக்குப் புகழ் தேட ஒரே வழி கடல்வழி. 1558இல், முப்பதாவது வயதில், அவன் அரசப் பிரதிநிதியாகக் கோவாவுக்கு வந்தான். 1559இல் தாமனைப் பிடித்தான். 1560இல் யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தான்.

இப்படையெடுப்புக்குக் காரணமாக அவர்கள் காட்டியது 1544ஆம் ஆண்டு நிகழ்ச்சி. கிறித்தவராக மாறிய மன்னார் மக்களுள் ஏறத்தாழ 600 பேரை முதலாம் சங்கிலி மன்னன் கொல்வித்தான். அதனை மறைத்தல் வரலாறாகாது. முத்துச் சலாபத்தின்மீது கண்ணிருந்ததும், எதிர்க்கரையில் நாயக்கர் படைக்கு அஞ்சிய பரதவர்க்கு ஓர் அடைக்கலம் தேவைப்பட்டதும் மற்றைய காரணங்கள். நல்லூர் வீழ்ந்தது. ஆயினும் நாட்டு மக்கள் கிளர்ந்தெழவே பறங்கியர் அங்கே நிலைக்க இயலவில்லை. அரசகுமாரனைப் பணயமாகக் கொண்டு, பின்வாங்கி மன்னாரில் இறங்கிக் கோட்டை கட்டினர். யாழ்ப்பாணத்தில் எய்தாத வெற்றிக்கு ஈடாக எழுந்ததே மன்னார்க் கோட்டை.

அப்போரிலே ஒரு பல் கையகப்பட்டது என்றும், அது புத்தரின் தந்தம் என்று கேள்வியுற்ற பெகு நாட்டரசன் பெரும்பொருள் தர முன்வந்தான் என்றும் போர்த்துக்கேய ஆசிரியர் எழுதுவர். பணமின்றித் தவித்த கோவாவிலே பலருக்கு ஆசை உண்டாயிற்று. பேராயர் கஸ்பார் மறுத்தார். கொன்ஸ்தந்தீனோ அவர் சொற்படியே நடந்தான். பல் உரலில் இடிக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, ஆற்றில் விடப்பட்டது. உண்மைத் தந்தம் பறங்கியர் கைக்குப் போகவேயில்லை என்பது பௌத்தர் துணிபு. பொருளுக்கு மசியாதவன் என்பதை ஒப்புக்கொள்ளலாம். பிறர் தொழும் பொருளை மதிக்கும் எண்ணம் மட்டும் அந்த உறுதியுள் இருக்கவில்லை.

1578இல் செபஸ்தியான் மன்னன் மொரோக்கோவில் மடிந்தான். 1580இல் போர்த்துக்கல் எசுப்பானிய முடியின்கீழ் வந்தது. அடுத்த 60 ஆண்டுகளிலேதான் நம் நாட்டுக்குப் பேரிடர்கள் நேர்ந்தன: 1619இல் யாழ்ப்பாண அரசு முடிந்தது, கோணேச்சரம் இடிக்கப்பட்டது. கோணேச்சரத்தை இடித்தவனும் கொன்ஸ்தந்தீனோதான். ஆயின் அவன் கொன்ஸ்தந்தீனோ டி சா, வேறு குலத்தவன். தேர்வுத் தாள்களிலே மாணவர் இருவரையும் ஒருவராக்கிவிடுவது வழக்கம்.

மூன்றாம் கொன்ஸ்தந்தீனோ ஒருவனும் உண்டு. அவனை எவரும் நினைப்பதில்லை. அவன் தமிழன். யாழ்ப்பாண மன்னன் எதிர்மன்னசிங்கனின் இளமைந்தன். நாடு வீழ்ந்தபின் அவனுக்கு ஞானஸ்நானம் அளித்துத் தளபதியின் பெயரையே இட்டனர். கோவாவுக்குக் கொண்டு சென்று கற்பித்தனர். அங்கே அவன் பிரான்சிஸ்கு சபைத் துறவியானான். அரச குடும்பத்தார் வேறு சிலரும் அவ்வாறே மடம் புகுந்தனர். துறவிக்கு ஏது பிள்ளை? தலை துணிக்கப்பட்டவன் மகனுக்கும் குலவுரிமையைத் தேடி எடுத்துக் கொடுத்த நாட்டார், நல்லூர் அரசமரபை ஓர் அங்கிக்குள்ளே முடித்துவைத்தனர். கோட்டை மதிலிலே நின்று இதனைச் சொன்னபோது மாணவர் சிறிது நேரம் பேசவில்லை.

பிரகன்சா மரபோ ஓங்கியது. 1640 டிசம்பர் முதலாந் திகதி லிஸ்பனில் புரட்சி வெடித்தது. எட்டாம் கோமகன் நான்காம் யோவான் என்ற பெயரோடு அரசனானான். 1646இல் அவன் தன் முடியை வில்லா விசோசாவிலுள்ள தேவமாதாவின் திருவுருவுக்குச் சூட்டி, நாட்டின் அரசி அவளே என்றான். அதன்பின் போர்த்துக்கேய மன்னர் எவரும் தலையில் முடி தரிக்கவில்லை. கோமகன் பட்டம் அன்றுதொட்டு முடிக்குரிய மூத்த மகனுக்கு உரியதாயிற்று.

பட்டம் முடியாக மாறிய காலத்திலேயே இலங்கை கைநழுவியது. 1656இல் கொழும்பும், 1658 பெப்ரவரியில் மன்னாரும், அவ்வாண்டு யூனில் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. ஒரு பிரகன்சா கட்டிய கோட்டை, பிரகன்சாக்கள் அரசாளும்போதே, 98 ஆண்டுகளில் போயிற்று. 1661இல் யோவானின் மகள் கத்தரீனாவை ஆங்கில மன்னனுக்கு மணம் பேசியபோது பம்பாய் சீதனமாகச் சென்றதைப் பலரும் அறிவர். இலங்கை மீண்டும் கிடைக்குமாயின் காலித் துறையையும் தருவதாக அவ்வுடன்படிக்கையிலே வாக்களித்திருந்தனர். கையில் இல்லாததைச் சீதனத்தில் எழுதும் வழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று.

மற்றவை விரைந்து சொல்லத்தக்கன. 1807இல் அரச குடும்பம் நெப்போலியன் படைக்கு அஞ்சிப் பிரேசிலுக்கு ஓடியது. 1908 பெப்ரவரி முதலாந் திகதி, கார்லோஸ் மன்னன் வில்லா விசோசா மாளிகையிலிருந்து லிஸ்பன் திரும்பிய அன்றே, பிரகன்சாக் கோமகனாகிய மூத்த மகனோடு தெருவிற் சுட்டுக் கொல்லப்பட்டான். 1910இல் குடியரசு வந்தது, பட்டங்கள் ஒழிந்தன. கடைசி மன்னன் மனுவேல் 1932இல் இங்கிலாந்தில் மகப்பேறின்றி இறந்தான். அடுத்த ஆண்டு குடும்பச் சொத்து ஓர் அறநிதியமாயிற்று, மாளிகை அரும்பொருட்சாலையாயிற்று. கிளைவழியில் வந்த துவார்த்தே பியோ என்பார் இன்றும் பிரகன்சாக் கோமகன் என்றே வழங்கப்பெறுகிறார். நாட்டின் சட்டம் அப்பட்டத்தை அறியாது.

திருக்கேதீச்சரத்துக்கு எந்த அரசனும் பட்டம் அளித்ததில்லை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்கள் மக்கள் நாவிலிருந்து மறையவில்லை, அவ்வளவே. காடு மூடிக் கிடந்த இடத்தை மீட்கவேண்டுமென 1872இல் ஆறுமுக நாவலர் அறைகூவினார். 1890களில் நிலம் வாங்கப்பட்டது. 1903இல் சிறு கோயில் எழுந்தது. 1948இல் திருப்பணிச் சபை தோன்றியது. போர்க்காலத்திலே வழிபாடு நெடுநாள் தடைப்பட்டது. கருங்கல்லால் மீண்டும் அமைக்கப்பெற்ற கோயிலுக்கு 2022 யூலையில் குடமுழுக்கு நிகழ்ந்தது. பழைய கற்கள் மட்டும் திரும்பவில்லை.

பொழுது சாய்ந்ததும் புறப்பட்டோம். வினாவை எழுப்பிய மாணவன் குறிப்பேட்டைத் திறந்து, "ஐயா, எந்தக் கொன்ஸ்தந்தீனோவை எழுதுவது?" என்றான். மூவரையும் எழுதும்படி சொன்னோம். அவன் இளவரசன் பெயரை முதலில் எழுதினான்.