கட்டின சளியை இளக்கும் ஆடாதோடை

காலையில் எழுந்ததும் 'லொக் லொக்'கென்று இருமி, சளி வெளியே வராமல் தவிக்கிறாரா உங்கள் வீட்டுப் பெரியவர்? பீடியும் விறகடுப்புப் புகையும் வருஷக்கணக்கில் செய்த வேலையாக இருக்கலாம். ஆனாலும், இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் சளிப் பரிசோதனை செஞ்சிடுங்க.

காசநோய் இல்லை என்றானபின், இருமலை அடக்கும் சிரப்பை ஊற்றாதீங்க. சளி உள்ளேயே தங்கிவிடும். அதை இளக்க வேலியோர ஆடாதோடை இருக்கிறது. இதிலுள்ள வாசிசினைப் பார்த்து உருவானதுதான் புரோம்ஹெக்சின் மாத்திரை. அம்ப்ராக்சால் அதன் வாரிசு!

ஆடாதோடை மணப்பாகு 5 முதல் 10 மி.லி., வெந்நீரில் இருவேளை, வைத்தியரைக் கேட்டுக் கொடுங்க. சர்க்கரை நோயாளிக்கு மணப்பாகு வேண்டாம். கர்ப்பிணிகள் தொடவே கூடாது, கருப்பை சுருங்கும். நைந்த நுரையீரலை இது புதுசாக்காது, இன்ஹேலரை நிறுத்திடாதீங்க. சளியில் ரத்தமோ, உதட்டில் நீலமோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.