கணினிக்கும் காவல் வேண்டும்

வீட்டுக்குக் கதவு உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. இணையத்தில் சேர்ந்த கணினிக்கும் காவல் வேண்டும். அந்தக் காவலின் பெயர் ஃபயர்வால். கேட்காமல் உள்ளே வரும் தொடர்பை அது தடுக்கும்.

இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் ஃபயர்வால் கூடவே வருகிறது. 2004-ஆம் ஆண்டு முதல் அது தானாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. அதை அணைக்காமல் இருந்தால் போதும்.

விலைக்கு வாங்கினால் பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு போன்ற கூடுதல் வசதிகள் கிடைக்கலாம். பெரும்பாலும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். தேவை இருந்தால் வாங்கலாம். பயந்து வாங்கக் கூடாது.

"கணினிக்கு ஆபத்து! உடனே பணம் கட்டுங்கள்!" என்று திரையில் வந்தால் நம்ப வேண்டாம். அது ஏமாற்று வேலை. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள்.

சாவியை நாமே கொடுத்துவிட்டால் காவல் என்ன செய்யும்? வங்கி ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்.