வெள்ளி: சூரியன் மேற்கே உதிக்கும் கோள்

வெள்ளி, சூரியனிலிருந்து இரண்டாவதாக அமைந்துள்ள கோள். விடியலுக்கு முன் கிழக்கிலும், சில மாதங்களில் அந்திக்குப் பின் மேற்கிலும் தெரிவதால் விடிவெள்ளி, அந்திவெள்ளி என்று இரு பெயர்கள் பெற்றது. சுக்கிரன் என்பதும் இதுவே. இரவு வானில் நிலவுக்கு அடுத்தபடியாக ஒளிர்வது வெள்ளிதான்.

புவியை நெருங்கும்போது வெள்ளி சுமார் 4 கோடி கி.மீ. தொலைவுக்கு வந்துவிடும். வேறெந்தக் கோளும் நமக்கு இவ்வளவு அருகில் வருவதில்லை. விட்டம் 12,104 கி.மீ.; புவியைவிட ஏறத்தாழ 650 கி.மீ. மட்டுமே குறைவு. இந்த ஒற்றுமையால் இரண்டையும் இரட்டைப் பிறவிகள் என்பதுண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெள்ளியின் மேகங்களுக்கு அடியில் சதுப்பு நிலங்களும் செடிகொடிகளும் இருக்கலாம் என அறிவியலாளர்கள் சிலரே நம்பினர். 1962 டிசம்பர் 14 அன்று வெள்ளியைக் கடந்து சென்ற அமெரிக்காவின் மாரினர்-2 விண்கலம் அனுப்பிய அளவீடுகள் அந்த நம்பிக்கைக்கு முடிவு கட்டின.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

வெள்ளியின் தரைப்பகுதி வெப்பநிலை சுமார் 465 பாகை செல்சியசு. ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும். சூரியனுக்கு அருகில் இருப்பதுதான் காரணம் என்று எண்ணத் தோன்றும். பலரும் அப்படியே எண்ணுகின்றனர். ஆனால் இன்னும் அருகில் உள்ள புதன், பகலில் சுமார் 430 பாகையைத்தான் எட்டுகிறது; இரவில் உறைநிலைக்கு வெகு கீழே போய்விடுகிறது. வெள்ளியிலோ இரவும் பகலும், நடுக்கோடும் துருவமும் ஏறக்குறைய ஒரே சூட்டில் உள்ளன.

இன்னொரு வியப்பும் உண்டு. வெள்ளியை மூடியுள்ள கந்தக அமில மேகங்கள், விழும் ஒளியில் நான்கில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அதனால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் வெள்ளி ஈர்க்கும் சூரிய ஆற்றல், புவி ஈர்ப்பதைவிடக் குறைவு. குறைவாகப் பெற்றும் மிகுதியாகக் கொதிப்பதற்குக் காரணம் அதன் வளிமண்டலம். அதில் 96 விழுக்காட்டுக்கு மேல் கரியமில வாயு. உள்ளே நுழையும் சிறிதளவு ஒளி தரையைச் சூடாக்குகிறது. தரை வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை அவ்வாயு எளிதில் வெளியேற விடுவதில்லை. இதுவே பசுமை இல்ல விளைவு.

புவியிலும் ஏறக்குறைய அதே அளவு கரிமம் உள்ளது. ஆனால் இங்கே கடல்நீர் அதைக் கரைத்துச் சுண்ணாம்புப் பாறையாக்கிப் பூட்டி வைத்துள்ளது. வெள்ளியில் அதற்கு நீர் இல்லை. நீராவி மேலெழுந்து, புறஊதாக் கதிர்களால் சிதைந்து, ஐதரசன் விண்வெளியில் கலந்துவிட்டது. எடை கூடிய ஐதரசனான டியூட்டிரியம், சாதாரண ஐதரசனோடு ஒப்பிடுகையில், புவியில் இருப்பதைப் போல் சுமார் நூறு மடங்கு விகிதத்தில் அங்கே எஞ்சியுள்ளது; இழந்த நீருக்கு அதுவே சான்று. அந்த நீர் எப்போதேனும் கடலாகத் தேங்கியதா என்பதில் மட்டும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

ஆண்டைவிட நீண்ட சுழற்சி

சூரியனைச் சுற்றிவர வெள்ளிக்கு 225 புவி நாட்கள் போதும். தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாட்கள் ஆகும். அதுவும் கிழக்கிலிருந்து மேற்காக. நடக்காத காரியத்துக்கு "சூரியன் மேற்கே உதித்தாலும்" என்போம். வெள்ளியில் அது மேற்கேதான் உதிக்கிறது. ஓர் உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே 117 புவி நாட்கள். கோள் இப்படி ஊர்ந்தாலும், மேல்மட்ட மேகங்கள் நான்கே நாட்களில் அதைச் சுற்றிவிடுகின்றன.

தரையிறங்கிய கலங்கள்

தரையில் காற்றழுத்தம் புவியைப் போல் 90 மடங்குக்கும் மேல். கடலில் 900 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். 1970இல் இறங்கிய சோவியத்தின் வெனேரா-7, 23 நிமிடங்கள் தகவல் அனுப்பியது. மற்றொரு கோளின் தரையிலிருந்து கிடைத்த முதல் தகவல் அது. 1982இல் வெனேரா-13 வண்ணப் படங்களை அனுப்பி, 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்தது. 32 நிமிடங்களுக்கென வடிவமைக்கப்பட்ட கலத்துக்கு அது பெரிய சாதனைதான்.

மேலே நிலைமை வேறு. சுமார் 54 கி.மீ. உயரத்தில் வெப்பமும் அழுத்தமும் புவியை ஒத்திருக்கின்றன. 1985இல் வேகா கலங்கள் விட்ட இரு பலூன்கள் அங்கே இரண்டு நாட்களுக்குச் சற்றுக் குறைவாக மிதந்தன.

1990களில் மெகல்லன் விண்கலம் ரேடார் மூலம் வெள்ளியை வரைபடமாக்கியது. 1991இல் எடுத்த அதன் படங்களில் ஓர் எரிமலை வாய் சில மாதங்களில் வடிவம் மாறியிருப்பதை 2023இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வெள்ளியைச் சுற்றிவந்து ஆராயும் இந்தியாவின் விண்கலத் திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 2028இல் ஏவத் திட்டமிடப்பட்டுள்ளது.