குட்டைக் குழல் துப்பாக்கியால் பயிரைக் காக்க இயலுமா?

இராமநாதபுரம் மாவட்டத்தில் புரட்டாசியில் நெல் விதைத்துவிட்டு வானம் பார்த்து நிற்கும் விவசாயிக்கு, கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் வேறொரு கவலை வந்து சேருகிறது. கண்மாய்க் கரையிலும் தரிசிலும் மண்டிய சீமைக்கருவேலில் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் காட்டுப் பன்றிகள் இருட்டியதும் வயலில் இறங்குகின்றன. தின்பது கொஞ்சம், புரண்டு சாய்ப்பது அதிகம். ஆறு மாத உழைப்பு ஓர் இரவில் சேறாகிவிட்டால், "ஒரு துப்பாக்கி இருந்தால்" என்று எண்ணாதவர் யார்?

இந்த எண்ணத்துடன் இரண்டு நம்பிக்கைகள் சேர்ந்தே வருகின்றன. குழல் குட்டையாக இருந்தால் முள்ளுக்குள் தூக்கிச் செல்ல எளிது என்பது ஒன்று. தோட்டா பெரிதாக இருந்தால் பன்றி நின்ற இடத்திலேயே விழும் என்பது மற்றொன்று. இரண்டிலும் சிறிது உண்மை உண்டு. அந்தச் சிறிது உண்மைதான் ஆளை ஏமாற்றுகிறது.

குழலின் வேலை

தோட்டாவில் உள்ள மருந்து ஒரே கணத்தில் எரிந்து முடிந்துவிடுவதில்லை. குண்டு குழலுக்குள் ஓடும்போதும் மருந்து எரிந்து, புகையின் அழுத்தம் குண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சேற்றில் நின்ற பார வண்டியைப் பத்தடி தள்ளுவதற்கும் இருபதடி தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும். குழலை ஓர் அங்குலம் குறைத்தால், ரைபிள் குண்டின் வேகம் வினாடிக்குச் சுமார் 20 முதல் 50 அடி வரை குறையும். குழலுக்குள் எரிந்திருக்க வேண்டிய மருந்து குழல் வாய்க்கு வெளியே தீப்பிழம்பாகவும் ஓசையாகவும் வீணாகிறது. பார்ப்பவர் அதைப் பலம் என்று எண்ணிவிடுகிறார்.

குழல் விட்டம் பெரிதான துப்பாக்கிகளில் வேக இழப்பு ஓரளவு குறைவே என்பதையும் சொல்லிவிட வேண்டும். அகலமான குழலில் புகை விரைவாக விரிந்து தன் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறது. ஆனால் அங்கே உதைப்பு என்ற வேறு தொல்லை காத்திருக்கிறது.

அமெரிக்க இராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட 45-70 என்னும் பெரிய தோட்டாவைப் பாருங்கள். அதன் குண்டு சுமார் 26 கிராம் எடை, கருமருந்து 70 கிரெயின், அதாவது நாலரை கிராம். காலாட்படைக்கு 32 அங்குலத்திற்கும் மேல் நீளமுள்ள குழல். குதிரைப் படைக்கு 22 அங்குலக் குட்டைத் துப்பாக்கி. நீளத் துப்பாக்கிக்குரிய தோட்டாவை இலேசான குட்டைத் துப்பாக்கியில் சுட்டால் தோள் தாங்கவில்லை. எனவே குதிரைப் படைக்கென்று மருந்தை 55 கிரெயினாகக் குறைத்துத் தனித் தோட்டா செய்தார்கள். பயிற்சி பெற்ற படைவீரனுக்கே இந்த நிலை.

யானை, காட்டெருமை வேட்டைக்கென 1956-இல் வெளிவந்த 458 வின்செஸ்டர் தோட்டாவின் கதையும் இதுவே. நீண்ட சோதனைக் குழலில் வினாடிக்கு 2,100 அடிக்கு மேல் என்று அறிவிக்கப்பட்ட வேகம், வேட்டைக்காரர்களின் குட்டைக் குழல்களில் பல நேரம் 2,000 அடியையும் எட்டவில்லை. உதைப்போ, சாதாரண மான் வேட்டை ரைபிளைப் போல் மூன்று மடங்கு.

அப்படியானால் குட்டைக் குழலில் பெரிய தோட்டா சுடுவோர் எவரும் இல்லையா? இருக்கிறார்கள். அலாஸ்காவில், காயம்பட்ட கரடியைப் புதருக்குள் தேடிச் செல்லும் வழிகாட்டிகள் 18 அங்குலம் அளவிலான குழலை விரும்புகின்றனர். சில கஜ தூரத்தில் எதிர்ப்படும் விலங்குக்கு அது போதும். அவர்கள் அதே தொழிலில் ஊறியவர்கள். சுற்றிலும் பல மைல் தூரத்திற்கு வீடு கிடையாது.

நம் நிலம் வேறு

திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை வரை நடந்து பாருங்கள். குன்றோ மேடோ கிடையாது. நடுவே பனை மட்டும்தான். குறி தவறிய ரைபிள் குண்டைத் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை. சற்று உயர்த்திச் சுட்ட குண்டு மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று விழக்கூடும். அந்தத் தூரத்திற்குள் எத்தனை குடியிருப்பு, எத்தனை ஆட்டுக்கிடை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

குண்டு பட்டும் சாகாத பன்றி அதைவிட ஆபத்து. வேட்டைக் குண்டு குறிப்பிட்ட வேகத்தில் பட்டால்தான் விரிந்து உடனே வீழ்த்தும். வேகம் குறைந்தால் துளைத்துவிட்டுப் போய்விடும். காயத்துடன் கருவேலுக்குள் புகுந்த பன்றி, மறுநாள் காலை விறகு பொறுக்கச் செல்லும் பெண்கள் மீதுதான் பாயும்.

சட்டம் சொல்வது

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்பை மறந்துவிடவில்லை. அதற்கென அது குறிப்பிடுவது, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்திற்குக் குறையாத குழலுள்ள, உட்புறம் வரியில்லாத துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம். பெரிய வேட்டை ரைபிளுக்கு இந்த வழியில் இடமில்லை.

குழலை அறுத்துக் குட்டையாக்க அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறதே என்பது பதிலாகாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இக்குற்றத்திற்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை; ஆயுள் தண்டனை வரையும் போகலாம். பட்டறையில் அரை மணி நேர வேலை!

நமது வட்டாரத்தார் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. சரணாலயத்திலிருந்தும் தேசியப் பூங்காவிலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள் வசிப்போர் தம் துப்பாக்கியை வன உயிரின அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். புது உரிமத்திற்கும் அவரது இசைவு தேவை. மன்னார் வளைகுடாத் தீவுகளும் சக்கரக்கோட்டைப் பறவைகள் சரணாலயமும் அருகிலிருப்பதால் நம் ஊர்கள் பல இந்த எல்லைக்குள் வந்துவிடுகின்றன.

உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுட அனுமதி இருப்பதாகப் பொருளில்லை. காட்டுப் பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவர். அதற்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடுவர். ஆகவே சேதம் நேர்ந்தவுடன் கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சாய்ந்த பயிரைத் திருத்துமுன் புகைப்படம் எடுங்கள். இழப்பீட்டு மனுவுக்கும் அதுவே ஆதாரம்.

வயலைச் சுற்றி முப்பது, நாற்பது அடிக்குக் கருவேலை வேரோடு எடுத்துவிடுவது எந்தத் துப்பாக்கியையும்விட மேலானது. மறைவில்லாத இடத்தைக் கடக்கப் பன்றி தயங்கும். பக்கத்து நிலக்காரரும் சேர்ந்து செய்தால்தான் பலன். விதிப்படி பதிவு செய்த சூரிய மின்வேலி அமைக்கலாம். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவதையும் வெடிகாய் வைப்பதையும் நினைக்கவே வேண்டாம்; பன்றிக்கு முன் மனிதரும் மாடும் மாண்டுபோவர்.

தகப்பனார் காலத்துத் துப்பாக்கியை முறைப்படி தம் பெயருக்கு மாற்றி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. கடற்கரை உப்புக் காற்றில் குழல் வாய் துருப்பிடித்து அரிக்கும். அரித்த பகுதியை அறுத்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்போரிடம் மட்டுமே கொடுங்கள். மாதம் ஒரு முறையாவது தோட்டாவோ மருந்தோ உள்ளே இல்லையென உறுதி செய்துகொண்டு, உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெய் பூசுங்கள். உறைக்குள் நெடுநாள் கிடந்த குழலில் குளவி மண்கூடு கட்டியிருக்கவும் கூடும். அடைத்த குழலில் சுட்டால் குழலே வெடித்துவிடும்.