ரோல்ஸ் பார்க்காத இன்ஜின்

சுட்டிகளே, 'ரோல்ஸ் ராய்ஸ்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பளபளவென்று ஒரு பெரிய கார்தானே! ஆனால், சில பெரிய விமானங்களின் இன்ஜின்களிலும் இந்தப் பெயரைப் பார்க்கலாம். அந்தப் பெயரின் முன்பாதிக்குச் சொந்தக்காரர், விமான விபத்தில் உயிரை விட்டவர் என்பது தெரியுமா?

அவர் சார்லஸ் ரோல்ஸ். 1877ம் ஆண்டு லண்டனில், பெரிய பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். சைக்கிள், கார், பலூன் என்று எதையும் விட்டு வைக்காதவர். ஹென்றி ராய்ஸ் அவருக்கு நேர் எதிர். சிறு வயதில் பேப்பர் விற்று, கஷ்டப்பட்டு இன்ஜினியர் ஆனவர். 1904ல் மான்செஸ்டர் நகர ஓட்டல் ஒன்றில் இருவரும் சந்தித்தனர். ராய்ஸ் கார் செய்வது, ரோல்ஸ் அதை விற்பது என்று பேசி முடித்தனர். அப்படிப் பிறந்ததுதான் ரோல்ஸ் ராய்ஸ்.

கொஞ்ச நாளில் ரோல்ஸின் மனசு காரை விட்டு வானத்துக்குப் போய்விட்டது. 1908ல் பிரான்ஸ் நாட்டில், வில்பர் ரைட்டுடன் விமானத்தில் பறந்தார். ஆமாம், ரைட் சகோதரர்களில் ஒருவரான அதே வில்பர்தான்! விமானத்துக்கும் ஓர் இன்ஜின் செய்யலாமே என்று ராய்ஸிடம் கேட்டுப் பார்த்தார். ராய்ஸ் சம்மதிக்கவில்லை. ரோல்ஸ் சும்மா இருப்பாரா? தன் சொந்தப் பணத்தில் ரைட் விமானம் வாங்கிவிட்டார்.

இப்போதைய விமானம் மாதிரி நினைத்துக் கொள்ளாதீர்கள். மரச்சட்டங்கள், மேலே துணி, கம்பிகள். அவ்வளவுதான். மூடிய அறை கிடையாது. விமானி, கீழ் இறக்கையின் முன் ஓரத்தில், கொட்டும் காற்றில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதில்தான் ரோல்ஸ், 1910 ஜூன் 2ம் தேதி, இங்கிலாந்தின் டோவரில் கிளம்பி, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி, பிரான்ஸில் இறங்காமலே திரும்பி வந்தார். எங்கும் நிற்காமல் போய் வந்த முதல் ஆள் அவர்தான். நாடே கொண்டாடியது.

சரியாக 40 நாள் கழித்து, ஜூலை 12ம் தேதி. போர்ன்மவுத் என்ற கடற்கரை ஊரில் விமானப் போட்டி. தரையில் குறித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் யார் இறங்குகிறார்களோ, அவருக்குப் பரிசு. ரோல்ஸ் வேகமாக இறங்கி வந்தார். தரையை நெருங்கும்போது மூக்கைத் தூக்க வேண்டுமே! தூக்கினார். அந்த இழுவையைத் தாங்காமல், புதிதாகப் பொருத்தியிருந்த வால் பகுதி முறிந்தது.

பட்டத்தின் வால் அறுந்தால் என்ன ஆகும்? தலைகுப்புற விழும் இல்லையா! விமானமும் அப்படித்தான் விழுந்தது. உயரம் 100 அடி கூட இல்லை. ஆனாலும், ரோல்ஸ் அங்கேயே இறந்து போனார். வயது 32தான். இன்ஜின் விமான விபத்தில் இறந்த முதல் பிரிட்டிஷ்காரர் அவர்.

1914ல் முதல் உலகப் போர் வந்தது. நாட்டுக்கு விமான இன்ஜின்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. முன்பு மறுத்த அதே ராய்ஸ் உட்கார்ந்து வரைந்தார். 1915ல், 'ஈகிள்' என்ற இன்ஜின் ஓட ஆரம்பித்தது. ஈகிள் என்றால் கழுகு. 1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்ற இரண்டு பேர், கனடா பக்கம் உள்ள நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி, அட்லாண்டிக் கடலை முதன்முறையாக நிற்காமல் தாண்டி அயர்லாந்தில் இறங்கினர். ஏறக்குறைய 16 மணி நேரம், இருட்டிலும் பனி மூட்டத்திலும் அவர்களைச் சுமந்து வந்தவை 2 ஈகிள் இன்ஜின்கள்!